வனப்பைக் காட்ட ஒரு சாலை

சாலை என்றதும் விரைவு ஒன்றையே எண்ணுகிறோம். வழியிலுள்ள வனப்பைப் பயணிக்குக் காட்டுவதையும் நோக்கமாகக் கொண்டு நெடுஞ்சாலை அமைக்க இயலும் என்பதை மெய்ப்பித்தது, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலை. அதன் தோற்றம், அழிவு, மீட்பு ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

தோற்றம்

கொலம்பியா ஆறு மலைத்தொடரைப் பிளந்து ஓடும் பள்ளத்தாக்கில் செங்குத்தான பாறைகளும் அருவிகளும் நிறைந்துள்ளன. அங்கே சாலை அமைக்க முனைந்தவர் சாமுவேல் ஹில். வடிவமைத்த பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டர். இருவரும் 1908இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மலைச் சாலைகளைக் கண்டு வந்தனர். 1913இல் தொடங்கிய வேலை 1922இல் நிறைவுற்றது.

லங்காஸ்டர் முதலில் அழகிய இடங்களைத் தேர்ந்தார். பிறகே அவற்றை இணைத்துச் சாலையை வகுத்தார். ஆயினும் பொறியியல் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. ஏற்றம் 100 அடிக்கு 5 அடியை மிஞ்சலாகாது. வளைவின் ஆரம் 100 அடிக்குக் குறையலாகாது. ஆற்றுக்கு மேல் 733 அடி உயரத்திலுள்ள கிரௌன் பாயிண்ட் முனையிலிருந்து இறங்கும்போது, பாறையை வெட்டி வீழ்த்தாமல், 8 என்னும் எண்ணைப் போலச் சாலையை வளைத்து வளைத்து இறக்கினார். ஓரச் சுவர்களை இத்தாலியக் கல்தச்சர்கள் கட்டினர். மிட்செல் பாயிண்ட் என்னுமிடத்தில் 1915இல் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தில், ஆற்றை நோக்கி ஐந்து சாளரங்கள் திறந்தனர். அதற்கு முன்மாதிரி சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைச் சாலை ஒன்று.

அழிவு

வண்டிகள் பெருகின, வேகமும் கூடியது. குறுகிய வளைவுகள் இடையூறாகத் தோன்றின. ஆற்றங்கரையை ஒட்டி அகன்ற புதுச்சாலை வந்தது. பழைய சாலையின் பகுதிகள் சில கைவிடப்பட்டன. சில புதுச்சாலைக்கு இரையாயின. மோசியர் இரட்டைச் சுரங்கங்கள் கல்லிட்டு அடைக்கப்பட்டன. ஐந்து சாளரச் சுரங்கம் 1966இல் தகர்க்கப்பட்டது.

மீட்பு

1986இல் இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டம் இப்பள்ளத்தாக்கைக் காப்புப் பகுதியாக்கியது. மறு ஆண்டு மாநிலச் சட்டமன்றம் பழைய சாலையைக் காக்கப் பணித்தது. எஞ்சிய சில பகுதிகளில் இன்றும் கார்கள் ஓடுகின்றன. துண்டுபட்ட பகுதிகளோ நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பாதைகளாயின. மோசியர் சுரங்கங்களில் அடைத்திருந்த கல்லை அகற்றி 2000இல் திறந்தனர். அவ்வாண்டே இச்சாலை தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. மிட்செல் பாயிண்டில் புதிய சாளரச் சுரங்கம் ஒன்று 2025இல் திறக்கப்பட்டது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அடைத்த சுரங்கத்தை மீட்க, கல்லை அகற்றினால் போதுமாயிருந்தது. தகர்த்த சுரங்கத்துக்கு ஈடாகப் பாறையைப் புதிதாகக் குடைய வேண்டியதாயிற்று. அவ்வாறு குடைந்தும் கிடைத்தது லங்காஸ்டர் காலத்துச் சுரங்கம் அன்று; அதன் நினைவே. நம்மில் பலர் நாளை பொறியாளராவோம். பழைய பாலத்தையோ சாலையையோ விலக்கிப் புதியது அமைக்கும் பொறுப்பு நமக்கும் வரும். பழையதை விட்டு விலகிச் செல்வது வேறு. அதை இடித்தொழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருப்போமாக.