மாட்சா: டப்பாவில் எழுதியிருப்பதும் கோப்பையில் இருப்பதும்

சென்னை காபிக் கடைகளின் விலைப்பட்டியலில் மாட்சா லாட்டே ஏறிவிட்டது. கூடவே அதைப் பற்றிய கதைகளும் வந்து சேர்ந்துவிட்டன. பாதிக் கதை விற்பவர்கள் கட்டியது. மீதி, ஒரு தடவை குடித்துவிட்டு முகம் சுளித்தவர்கள் கட்டியது.

“கிரீன் டீயை மிக்ஸியில் அரைத்தால் மாட்சா.”

ஆகாது. மாட்சாவுக்கென்று வளர்க்கும் செடிகளை ஜப்பானில் அறுவடைக்கு முன் சுமார் மூன்று வாரம் வெயில் படாமல் மூடிவைக்கிறார்கள். வெயில் பட்டால் இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம், துவர்ப்புத் தரும் கேட்டசின்களாக மாறும். நிழலில் அந்த மாற்றம் மட்டுப்பட்டு, பச்சையம் கூடுகிறது. பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி எடுப்பது தென்சா. அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாட்சா. ஒரு கல் மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் கெடும். மிக்ஸி அதைத்தான் செய்கிறது. போதாததற்கு, வெயிலில் வளர்ந்து சுருட்டப்பட்ட சாதா இலை என்ன அரைத்தாலும் நாக்கில் நறநறக்கும்.

“செரிமோனியல் கிரேடு என்று போட்டிருந்தால் உயர்ந்த ரகம்.”

அப்படி ஒரு தரநிலை ஜப்பானில் அதிகாரபூர்வமாக இல்லை. எந்த நிறுவனமும் எந்தப் பொடிக்கும் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். டப்பாவில் உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று விளைந்த ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை பொடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை நல்லது. மஞ்சளோ பழுப்போ ஓடினால் பழசு, அல்லது மட்டமான ரகம். பாலில் கலக்கப்போகிறீர்கள் என்றால் விலை உயர்ந்த ரகம் வீண். அதன் மென்மை பாலில் மூழ்கிப்போகும். கொஞ்சம் துவர்க்கும் பொடிதான் பாலை மீறித் தலைகாட்டும்.

“மாட்சா என்றாலே கசப்பு, சர்க்கரை இல்லாமல் தொண்டையில் இறங்காது.”

பெரும்பாலும் பழி தண்ணீரின் சூட்டைச் சேரவேண்டியது. சூடு ஏற ஏறக் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும். வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று கிண்ணங்களில் ஒரே அளவு பொடி போடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் 80 டிகிரி, ஒன்றில் கொதிக்கக் கொதிக்க. தெர்மாமீட்டர் தேவையில்லை, கொதித்த நீரை டம்ளருக்கு டம்ளர் இரண்டு முறை மாற்றினால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். குளிர்நீர்க் கிண்ணத்தில் இனிப்பும், கடற்பாசி போன்ற ஒரு சுவையும் முன்னால் நிற்கும், மணம் அடங்கியிருக்கும். நடுக் கிண்ணத்தில் மணமும் கசப்பும் சமமாக வரும். மூன்றாவதில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். அதற்காகக் கொதிநீர் சத்தையெல்லாம் எரித்துவிடும் என்று பயமுறுத்த வேண்டாம். அந்த இலை தொழிற்சாலையிலேயே ஆவியில் வெந்து வந்ததுதான்.

அளவும் சுவையை மாற்றும். உசுச்சா என்ற வழக்கமான மெல்லிய தேநீருக்கு 2 கிராம் பொடி, 60 முதல் 70 மில்லி நீர். கொய்ச்சா என்ற கெட்டித் தேநீருக்குப் பொடி இரு மடங்கு, நீர் பாதி. அதை அடிப்பதில்லை, குழைப்பார்கள். மட்டமான பொடியில் கொய்ச்சா போட்டால் வாயில் வைக்க முடியாது. எந்த வகையானாலும் பொடியை முதலில் சலித்துவிடுங்கள். மாட்சா நீரில் கரைவதில்லை, மிதக்கிறது. சலிக்காத கட்டி கடைசி மடக்கில் கசப்பாகவே வரும்.

“நுரை பொங்கினால்தான் சரியான மாட்சா.”

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழிவந்த இரண்டு பள்ளிகளே இதில் ஒத்துப்போகவில்லை. உராசென்கே மேற்பரப்பு முழுக்க நுண்ணிய நுரை எழுப்பும். ஒமோதேசென்கே நுரையைக் குறைத்து, பிறை வடிவில் தேநீர் தெரியும்படி விடும். சாசென் என்ற மூங்கில் கடைகோல் இருந்தால், வட்டமாகக் கலக்காமல் மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடிக்கவேண்டும். அது இல்லையென்றால் மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். சம்பிரதாயக்காரர்கள் கோபிப்பார்கள், தேநீர் கோபிக்காது.

“சாதா கிரீன் டீயைவிட 137 மடங்கு ஆன்டி ஆக்ஸிடன்ட்.”

இந்த எண்ணின் ஊற்று, 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அது அளந்தது ஈஜிசிஜி என்ற ஒரே கேட்டசினை. 137 மடங்கு என்று ஒப்பிட்டது ஒரே ஒரு பிராண்டு கிரீன் டீயோடு. மற்ற கிரீன் டீக்களுக்கு அதுவரை பதிவாகியிருந்த உச்ச அளவோடு ஒப்பிட்டபோது, மூன்று மடங்காவது இருக்கும் என்று அதே ஆய்வு சொல்கிறது. விளம்பரத்துக்கு மூன்று போதவில்லை போலும். இன்னொரு வேடிக்கை: நிழலில் வளர்த்தால் கேட்டசின் குறையும் என்று பார்த்தோமே, ஆக இனிப்பான மாட்சாவும் வேண்டும், கேட்டசினும் உச்சத்தில் வேண்டும் என்றால் நடக்காது.

காஃபீன் இல்லாத பானம் என்பதும் தவறு. ஜப்பானிய உணவு அட்டவணைப்படி 100 கிராம் மாட்சாவில் 3.2 கிராம் காஃபீன். 2 கிராம் போட்ட கிண்ணத்தில் 60 மில்லிகிராமைத் தாண்டும். இரவு பத்து மணிக்கு ‘ரிலாக்ஸ்’ ஆகக் குடிப்பவர்கள் கவனிக்க. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதை இது தடுக்கும்.

டப்பாவிலுள்ள காலாவதித் தேதியை நம்பி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காத காரியம். அந்தத் தேதி திறக்காத டப்பாவுக்கு. திறந்தபின் காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து சில வாரங்களில் பச்சையை மங்கவைக்கும். இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மீன் குழம்புக்குப் பக்கத்தில் வேண்டாம். பக்கத்து வாசனையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மங்கிவிட்டதென்றால் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஐஸ்கிரீமாக்கிவிடலாம்.