செயின் நீளுவது ஏன்?

கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்க்குச் சைக்கிளே கால். அதன் செயின் நாளடைவில் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. செம்மண் தூசி எண்ணெயோடு கலந்து அரைப்பதால், கண்ணிகளை இணைக்கும் ஆணிகளே தேய்கின்றன.

இதைச் சோதிப்பது எளிது. அளவுகோலை ஓர் ஆணியின் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 12 அங்குலம். அது 1/16 அங்குலம் மிகுந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். 1/8 மிகுந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்நிலையில் அழுத்தி மிதிக்கும்போது செயின் பல் தாவும். ஓட்டுபவர் வண்டிகளுக்கு நடுவே விழவும் கூடும்.

ஆகவே, நண்பர்களே, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளியே வழிவதை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்கவேண்டும். வெளியே இருந்தால் தூசிக்கே விருந்து.