எஸ்ஐபி போட்டால் குரல் தெளியுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய பிஆர்ஐ தொலைபேசி லைனை விட்டு இணையத் தொலைபேசிக்கு மாற நினைக்கும் கம்பெனிக்காரர்கள் கேட்பது: எந்த நெறிமுறை, எஸ்ஐபியா, எச்.323-ஆ, வெப்ஆர்டிசியா? (மாதாமாதம் பணம் கட்டுகிற எஸ்ஐபி அல்ல.) கூடவே சில நம்பிக்கைகளும் வருகின்றன.

"நெறிமுறையை மாற்றினால் குரல் தெளிவாகும்."

ஆகாது. எஸ்ஐபியும் எச்.323-உம் கல்யாணத் தரகர்கள்: மணியடிக்க வைப்பது, குரல் போகவேண்டிய முகவரியைச் சொல்வது, எடுத்ததையும் வைத்ததையும் தெரிவிப்பது, அதோடு சரி. குரலையும் படத்தையும் சுமப்பது ஆர்டிபி, இரண்டுக்கும் அதேதான். ஜி.711 கோடெக்குக்கு நொடிக்கு 64 கிலோபிட், பாக்கெட் சுமையும் சேர்ந்தால் ஒரு திசைக்கு 80-ஐத் தாண்டும். அதே லைனில் யாரோ பெரிய ட்ராயிங் கோப்பை ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் விட்டுவிட்டுத்தான் வரும்.

"நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் நமக்கு வரவில்லை, போன் கோளாறு."

பெரும்பாலும் இல்லை. அழைக்கும்போதே 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று எஸ்ஐபி செய்திக்குள் எழுதிப் போகிறது. அலுவலகப் போனுக்குத் தெரிந்தது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி மட்டும். வெளியிலிருந்து அதற்கு வழியே கிடையாது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லி ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது செய்தியை அரைகுறையாகத் திருத்தி, இன்னும் கெடுப்பதே அதிகம். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். அப்புறம், வெளிமுகவரியைக் கண்டறியும் ஸ்டன், வேலைசெய்யும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஐஸ்.

"எச்.323 சிக்கல், எஸ்ஐபி எளிது."

பாதி உண்மை. 1996-இல் வந்த எச்.323-இன் செய்திகள் பைனரி. எஸ்ஐபியுடையவை எழுத்துகளாகவே இருப்பதால் கோளாறைக் கண்ணால் தேடலாம். ஆனால் 2002-இல் வந்த எஸ்ஐபி ஆவணம் 269 பக்கம், அதன்மேல் சேர்ந்த திருத்தங்கள் தனி. எளிதா என்பதைவிட, எதிர்முனையில் யார் என்பதே முக்கியம். வெளியழைப்பு லைன் (டிரங்க்) தருபவர் எஸ்ஐபிதான் தருவார். வெளிநாட்டு வாடிக்கையாளரின் பழைய வீடியோ அறை எச்.323-இல் ஓடினால் நடுவே ஒரு கேட்வே போதும்.

"வெப்ஆர்டிசி வந்தபின் எஸ்ஐபி எதற்கு?"

உலாவியிலேயே பேசவைக்கும் வெப்ஆர்டிசி, அழைப்பை ஏற்படுத்தும் முறையை வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டது. அந்த இடத்தில் வெப்சாக்கெட் வழியே எஸ்ஐபியை ஓட்டுபவர்கள் நிறைய.

"இதெல்லாம் கம்பெனிகளுக்கு, நமக்கென்ன?"

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு வோல்டியில், அதாவது 4ஜி வழியே, பேசினால் அதை இணைப்பதும் எஸ்ஐபிதான். 2ஜி, 3ஜி இல்லாமல் 2016-இல் தொடங்கிய ஜியோவுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

"நம்ம சின்ன ஆபீஸை யார் ஹேக் செய்யப்போகிறார்கள்?"

5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்தால் தானியங்கி நிரல்கள் தேடி வரும். ஆபீஸ் சின்னதா பெரிதா என்று அவை பார்ப்பதில்லை. எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்றால், ஞாயிற்றுக்கிழமை பூட்டிய ஆபீஸிலிருந்து வெளிநாட்டுக்கு அழைப்புகள் போகும். பில் மட்டும் திங்களன்று உங்களுக்கு.