கல்லூரிக்குச் செலவில்லாமல் போக...

மின்சார ரயில் பாதையை ஒட்டி வீடும் கல்லூரியும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சீசன் டிக்கெட்தான். மாணவர்களுக்கு அது பாதி விலை. பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம் என்பது பல வீடுகளில் இன்னும் தெரியாத செய்தி. கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் வாங்கி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, நிலைய கவுன்டரில் கொடுக்க வேண்டும். காலை எட்டரை மணி வரிசையில் போய் நிற்காதீர்கள், மதியம் போங்கள். பயணத்தில் அடையாள அட்டை கூடவே இருக்கட்டும்.

பஸ் என்றால், அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. பாஸ் விநியோகம் எப்போது என்று கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்த்து வையுங்கள். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. டீலக்ஸில் அவசரமாக ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை, போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

சென்னை மெட்ரோ வசதிதான், ஆனால் தினசரிக்குக் கட்டாது. தேர்வு நாளன்று மட்டும் போவதானாலும் மொபைலில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டில் போங்கள், 20 சதவீதம் குறையும்.

நிலையத்திலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் ஷேர் ஆட்டோவில்தான் காசு கரைகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் என்றால் ஒரு பழைய சைக்கிள் போதும். நல்ல பூட்டாக வாங்குங்கள்.