விலைக்கு வாங்கும் இடமும் தகுதியால் பெறும் இடமும்

கடைத் தெருவில் விற்பவர் கூவி அழைக்கிறார். போகிறவருக்கு அப்பொருள் வேண்டுமோ வேண்டாவோ, அவர் அறியார். தேடுபொறியில் நிலைமை வேறு. அங்கே வருபவர் தம் தேவையைத் தாமே சொல்லிக்கொண்டு வருகிறார். “தில்லியில் தமிழ் வகுப்பு” என்று ஒருவர் கூகிளில் எழுதினால், அவர் நாடுவது இன்னதென்பது அப்போதே விளங்கிவிடுகிறது. நம் இணையத்தளம் அவர் கண்ணில் படுமா என்பதே கேள்வி.

அதற்கு வழிகள் இரண்டு. தளத்தைச் செம்மையாக அமைத்து, இயல்பான முடிவுகளில் மேலிடம் பெறுவது ஒன்று. இதனைத் தேடுபொறி உகப்பாக்கம் என்பர். பணம் கொடுத்து முடிவுகளோடு இடம் பெறுவது மற்றொன்று. இது தேடல் விளம்பரம். படிப்பு முடிந்ததும் சிறு தொழில் தொடங்க எண்ணும் நண்பர்கள் நம்மிடையே பலர். நம் சங்கமும் வகுப்பும் விழாவும் நடத்துகிறது. கையிலுள்ள சிறு தொகையை எவ்வழியில் இடுவது என்பதற்காகவே வணிகவியல் மாணவனாகிய நான் இதனை எழுதுகிறேன்.

முதலில் இயல்பான வரிசையைக் காண்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998-இல் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால், அது அப்பக்கத்திற்குக் கிடைத்த சான்று. சான்று தருபவர் மதிப்புடையவராயின் சான்றின் மதிப்பும் உயரும். இதுவே அவர்கள் முறையின் அடிப்படை. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. இணைப்புகளை விலைக்கு வாங்கி ஏமாற்றியவர்களும் உண்டு. 2012-இல் வந்த ‘பெங்குயின்’ என்னும் திருத்தம் அத்தகைய தளங்கள் பலவற்றைக் கீழே தள்ளிற்று.

நாம் செய்யத்தக்கவை எளியவை. பக்கத்தின் தலைப்பு பொருளைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மக்கள் தேடும் சொற்கள் கட்டுரையில் இயல்பாக அமையவேண்டும். கைப்பேசியில் பக்கம் விரைந்து திறக்கவேண்டும். அறிவிப்பைப் படமாக மட்டும் இடாமல் எழுத்தாகவும் தருதல் வேண்டும். படத்திலுள்ள செய்தியைப் பொறி சரிவரப் படித்தறியும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

இனி விளம்பரம். கூகிள் தன் விளம்பரத் திட்டத்தை 2000-இல் தொடங்கிற்று. இங்கே ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. பெரும்பாலும், விளம்பரத்தைப் பார்ப்பதற்கு அன்று, அதனைச் சொடுக்குவதற்கே கட்டணம். ஆயினும் மிகுதியாகக் கேட்டவர்க்கே இடம் என்பதில்லை. எளிமையாக்கிச் சொன்னால், கேட்ட விலையைத் தர மதிப்பால் பெருக்குகிறார்கள். ஒருவர் 12 ரூபாய் கேட்கிறார், அவர் விளம்பரத்தின் தரம் 3, பெருக்கம் 36. மற்றவர் கேட்பது 8 ரூபாய், தரம் 6, பெருக்கம் 48. குறைவாகக் கேட்டவரே முந்துகிறார். ஏழை விளம்பரதாரர்க்கு இது ஓர் ஆறுதல்.

செலவைக் கணக்கிடுவோம். சங்கம் 3,000 ரூபாய் ஒதுக்குகிறது என்றும், ஒரு சொடுக்கு 10 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 300 பேர் வருவர். இருபதில் ஒருவர் வகுப்பில் சேர்ந்தால் 15 மாணவர். ஒருவருக்கு 200 ரூபாய் செலவு. பணம் தீர்ந்த நாளே வருகையும் நின்றுவிடும். நல்ல பக்கமோ அடுத்த ஆண்டும் ஆள் கொணரும். ஆனால் அது மேலேறப் பல மாதங்கள் ஆகலாம். ஏறும் என்பதற்கு உறுதியும் இல்லை. எழுதுவதற்கும் திருத்துவதற்கும் செல்லும் உழைப்பும் செலவே. மேலும், 2024 முதல் இந்தியாவில் பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கமே முதலில் நிற்கிறது; அதனைப் படித்தவர் நம் தளத்திற்கு வராமலே போகலாம்.

விளம்பரத்திற்குப் பணம் கொடுத்தால் இயல்பான வரிசையிலும் ஏறலாம் என்பர் சிலர். அவ்வாறு இல்லை என்று கூகிள் கூறுகிறது. ஆதலின் ஒன்றன் செலவால் மற்றொன்றன் பயனை எதிர்பார்த்தல் வீண்.

நாமும் நாள்தோறும் தேடுபவர்கள் அல்லமோ? விளம்பர வருவாயால் வாழும் தேடுபொறி, தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று பேஜும் பிரினும் தம் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எச்சரித்தனர். பின்னர் அவர்கள் நிறுவனமே விளம்பரத்தால் வளர்ந்தது. ஊரை விட்டு வந்து அறையோ பயிற்சிக் கல்லூரியோ தேடும் புதிய மாணவர், முதலில் நிற்பதே சிறந்தது என்று எண்ணி முன்பணம் கட்டிவிடக் கூடாது. விளம்பரம் என்ற சிறு குறிப்பு அங்கே உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அவ்விடம் விலைக்கு வாங்கப்பட்டது. தகுதிக்குச் சான்று ஆகாது.

என் முடிவு இது: நாள் குறித்த காரியத்திற்கு விளம்பரம் ஏற்றது, நாள்தோறும் வேண்டப்படும் பொருளுக்கு நல்ல பக்கமே ஏற்றது. பொங்கல் விழாவிற்குப் பத்து நாள் விளம்பரம் செய்வோம். தமிழ் வகுப்பிற்கோ, இடமும் நேரமும் கட்டணமும் முதற்பாடமும் அடங்கிய ஒரு பக்கத்தை இந்த விடுமுறையிலேயே எழுதத் தொடங்குவோம்.