தீம்தானே, என்ன ஆகிவிடும்?

லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் நான் அலுக்க அலுக்கக் கேட்கும் வசனம் இது. ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமென்றால் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். தெரியாத மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடவே மாட்டார்கள். அதே ஆட்கள்தான், படம் அழகாக இருக்கிறதே என்று, முன்பின் தெரியாத யாரோ ஏற்றிவைத்த தீமின் 'நிறுவு' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார்கள். கேட்டால், சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரிதானாம் அது. பிடிக்காவிட்டால் வேறு நிறம் அடித்துக்கொள்ளலாமாம்.

2024 மார்ச்சில் இந்தப் பெயின்ட் ஒருவருடைய வீட்டையே காலி செய்தது. அவர் லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறவர். கேடிஇ-யின் சொந்த ஸ்டோரிலிருந்து ஒரு 'குளோபல் தீம்' இறக்கிப் போட்டார். நடுவில் ரூட் கடவுச்சொல் கேட்டது. சந்தேகப்பட்டு ரத்து செய்தார். அதற்குள் ஹோம் கோப்புறை, உலாவியின் தரவு, விளையாட்டுகள், இணைத்திருந்த மற்ற டிரைவ்களில் அவர் பெயரில் இருந்தவை என எல்லாம் போய்விட்டன. இதில் யாருடைய சதியும் இருந்ததாகத் தெரியவில்லை. கோப்புகளை இடம் மாற்றுவதற்காக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு பிழை, அவ்வளவுதான். வெளியாட்கள் செய்யும் குளோபல் தீம்களும் விட்ஜெட்களும் எந்த நிரலையும் ஓட்டக்கூடியவை என்று கேடிஇ தரப்பே அதன்பின் எச்சரித்தது.

கடவுச்சொல் கொடுக்காமலே எப்படி அழிந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கோப்பை நீங்கள் அழிக்க ரூட் எதற்கு? உங்கள் பெயரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கும் அதே உரிமைதான். லினக்ஸில் வைரஸே வராது என்று மார்தட்டுகிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், உள்ளே இருப்பது என்னவானாலும் நாம் எல்லாவற்றையும் 'தீம்' என்றே அழைக்கிறோம். பிளாஸ்மாவின் நிறத் திட்டத்தை ஏதாவது உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மும்மூன்று எண்கள் வரிசையாக நிற்கும். அதால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. ஐகான் தொகுப்பு வெறும் படங்கள். பிளாஸ்மா ஸ்டைலும் பெரும்பாலும் எஸ்விஜி படங்கள்தான். குளோபல் தீம் வேறு ரகம்: பேனல்களை இடம் மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட், தொடக்கத் திரைக்கான கியூஎம்எல், சமயத்தில் கூடவே சில விட்ஜெட்கள். பிளாஸ்மாவில் அழகு வேண்டுமென்றால் நிறத்தையும் ஐகானையும் ஸ்டைலையும் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லாம் மாற வேண்டும் என்ற சோம்பலுக்குத்தான் அந்த மனிதர் விலை கொடுத்தார்.

இதுவொன்றும் புதுக் கதையும் இல்லை. 1990-களின் இறுதியில் விண்டோஸின் எக்ஸ்புளோரரைக் கழற்றிவிட்டு லைட்ஸ்டெப் ஷெல்லைப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். அதன் தீமில் 'ஸ்டெப்.ஆர்சி' என்று ஒரு கோப்பு. அதில் 'லோட்மாட்யூல்' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு டிஎல்எல் கோப்பை ஷெல்லுக்குள் இழுத்துவரும். அதில் ஒன்று சுருண்டால் ஷெல்லையும் சேர்த்துச் சாய்த்துவிடும். தீம் நிற்குமா விழுமா என்பதை வால்பேப்பரைப் பார்த்தா சொல்ல முடியும்? அந்த வரிகளைப் படிக்க வேண்டும்.

சரி, ஸ்கிரிப்டே இல்லாத தீம் என்றால் பயமில்லையே என்பார்கள். கோப்புகளுக்குப் பயமில்லை, அவ்வளவுதான். க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் ஷெல் தீம் என்பது பெரும்பாலும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. 'யூசர் தீம்ஸ்' நீட்சி வழியாக அதைப் போட்டால், க்னோமின் சொந்த நடைத்தாள் விலகிக்கொண்டு இது அந்த இடத்தில் உட்காரும். க்னோமோ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும். உள்ளே இருக்கும் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றும். 2022 செப்டம்பரில் வந்த 43-ஆம் பதிப்பில் வலது மேல் மூலையில் விரைவு அமைப்புகள் மெனு புதிதாக முளைத்தது. 42-க்கு எழுதிய தீமில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. வைஃபை, ப்ளூடூத் பொத்தான்கள் பின்னணியும் ஓரமும் இல்லாமல் அம்மணமாக நின்றால் தீம் எழுதியவரைத் திட்டி என்ன பயன்? உங்கள் பதிப்பு எண் தீமின் விவரத்தில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

உடனே, பழைய தீம் என்றால் தொடவே கூடாது என்று அடுத்த பக்கம் சாய்வார்கள். அதுவும் தப்பு. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் ஜன்னல் சட்டத்துக்கான தீமைப் பிரித்தால் சின்னச் சின்னப் படங்களும் 'தீம்ஆர்சி' என்ற உரைக்கோப்பும்தான் இருக்கும். யாரும் தொடாமல் பல வருடம் கிடந்தாலும் அது ஓடும். செயலிகளின் பொத்தான்களையும் மெனுக்களையும் வரையும் ஜிடிகே 3-இல் 2016 மார்ச்சில் வந்த 3.20 பழைய தீம்களைப் போட்டு உடைத்தது. அதற்குப் பின் எழுதியவை பெரும்பாலும் இன்றும் நிற்கின்றன. க்னோம் ஷெல்லிலோ ஒரு வருடம் ஆன தீமே கிழம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்கத் தேவையில்லை. நிறைய நட்சத்திரம் வாங்கிய தீம் நிலையானதா? நட்சத்திரம் போட்டவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துப் போட்டவர்கள்.

ஒரு தீம் போட்டால் எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி ஆகிவிடுமா? ஆகாது. 2021 டிசம்பரில் லிப்அட்வைட்டா என்ற நிரலகம் வந்ததிலிருந்து க்னோமின் புதிய செயலிகள் உங்கள் ஜிடிகே தீம் தேர்வைக் கண்டுகொள்வதில்லை. இந்தத் தலைவலிக்காகவே லினக்ஸ் மின்ட் 22-இல் கால்குலேட்டர் உட்படச் சில செயலிகளைப் பழைய ஜிடிகே 3 பதிப்புக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கருப்புத் தீம் சார்ஜை மிச்சப்படுத்துமா? பின்விளக்கு எரியும் எல்சிடி திரையில் கருப்பு காட்டினாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓஎல்இடி திரையில் பலன் உண்டு. ஆனால் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் கைப்பேசிகளில் அளந்தபோது, வெளிச்சம் 30 முதல் 50 சதவீதம் இருக்கையில் மிச்சமானது 3 முதல் 9 சதவீதம்தான்.

மாற்றவும் வேண்டும், உடையவும் கூடாது என்பவர்களுக்கு என் சிபாரிசு லினக்ஸ் மின்ட்டின் சினமன் டெஸ்க்டாப். அதில் செயலிகளுக்கும் ஐகான்களுக்கும் டெஸ்க்டாப்புக்கும் தீம் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம். கூடவே வரும் மின்ட்-ஒய் தீம் சினமனைச் செய்கிறவர்களே பராமரிப்பது. அதன் பச்சை நிறம் பிடிக்காவிட்டால் வேறு நிறங்களிலும் இருக்கிறது. அதற்குமேலும் கை அரித்தால் மின்ட்-ஒய் கோப்புறையை உங்கள் ஹோமில் உள்ள '.தீம்ஸ்' கோப்புறைக்கு நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, 'சினமன்.சிஎஸ்எஸ்' கோப்பில் நிறங்களை மாற்றிக்கொள்ளுங்கள். மேம்படுத்தினாலும் உங்கள் வேலை அழியாது. ஆனால் மூலத்தில் செய்யும் திருத்தங்களும் உங்கள் நகலுக்கு வந்து சேராது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீம் பட்டியல்களில் பார்க்கும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நமக்கு மேலே புள்ளி, கீழே சுழி. எக்ஸ்எஃப்சிஇ தீமில் தலைப்புப் பட்டையின் உயரம் அதிலுள்ள படங்களின் உயரம்தான். எழுத்து பெரிதானால் பட்டை நீளாது. ஒல்லியான பட்டையுள்ள ஒரு தீமில் 'வகுப்புக் குறிப்பு' என்று பெயரிட்ட கோப்பைத் திறந்து பாருங்கள். மேலே மூன்று புள்ளிகளும் காணாமல் போகும், இல்லையென்றால் 'கு'வின் அடி வெட்டுப்படும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும் தீம்களில்தான் இந்தக் கூத்து அதிகம்.

ஆகவே தீம் போட்ட கையோடு இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, மெனு, தலைப்பு, அறிவிப்பு மூன்றையும் பாருங்கள். வெட்டுப்பட்டால் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். தீம் எழுதியவர் போலந்திலோ பிரேசிலிலோ இருப்பார். தமிழ்த் தலைப்பு ஒன்றை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஒரு திரைப்பிடிப்பு, எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம், இவ்வளவையும் அவருக்கு அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க எழுத்துரு கேட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சொல்லுங்கள், அது இலவசம்.