சீனியர் கொடுத்த மேக்ரோ ஃபைல்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை லேடெக்கில் டைப் செய்பவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் பென் டிரைவிலும் சீனியர் கொடுத்த மேக்ரோ ஃபைல் ஒன்று இருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. "ஓடுதுல்ல, விடு!" என்பதுதான் பரம்பரை அறிவுரை.

எங்கள் டீம் போடி மலைச்சரிவு ஏலக்காயை உலர்த்தும் டிரையர் பற்றி ரிப்போர்ட் எழுதியது. சுமார் 50 டிகிரி செல்சியஸில் பக்குவமாகக் காயவைத்தால்தான் காயின் பச்சை நிறம் நிற்கும். அதனால் பக்கத்துக்குப் பக்கம் டிகிரி குறி. அதற்கு டி-இ-ஜி என்ற மூன்றெழுத்து மேக்ரோ ரெடியாக இருந்தது. சப்மிஷனுக்கு முந்தைய இரவு பார்த்தால், பல்லுறுப்புக்கோவையின் படியைச் சொல்லும் சூத்திரங்களில் எழுத்து வர வேண்டிய இடத்திலெல்லாம் குட்டி வட்டம்!

காரணம் எளிது. லேடெக்கில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கணிதக் கட்டளை உண்டு. சீனியர் 'டெஃப்' போட்டு எழுதியிருந்தார். டெஃப் எதையும் கேட்காது. பழையதை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டால் சூத்திரமும் சேர்ந்து மாறிவிடும். விடிய விடிய ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம்.

நீங்கள் அந்தப் பாடு படாமல் இருக்க:

1. டெஃப் வேண்டாம், 'நியூகமாண்ட்' போடுங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் உடனே எரர் காட்டும். தெரிந்தே மாற்றுவதென்றால் 'ரினியூகமாண்ட்'. ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு கமெண்ட்.

2. தோற்றத்தை வைத்துப் பெயரிடாதீர்கள். 'சிவப்பு' என்று பெயர் வைத்த மேக்ரோவை நாளைக்கு நீலமாக்கினால் என்ன செய்வீர்கள்? 'எச்சரிக்கை' என்று வையுங்கள்.

3. பல வரிகளில் மேக்ரோ எழுதினால் வரிக் கடைசியில் சதவீதக் குறி போடுங்கள். இல்லையென்றால் வரிமுறிவு இடைவெளியாக மாறி பிடிஎஃப்பில் எட்டிப் பார்க்கும்.

4. எல்லா மேக்ரோவையும் ஒரே ஸ்டைல் ஃபைலில் வைத்து, தலைப்பில் தேதி குறியுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தும் சின்ன டெஸ்ட் ஃபைலும் வேண்டும். எதைத் தொட்டாலும் முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

5. மாற்றங்களைக் குறித்து வையுங்கள். டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத், அதில் தான் செய்த பிழைகளை வரிசையாகக் குறித்துவைத்து, 1989-இல் கட்டுரையாகவே வெளியிட்டார். நமக்கென்ன வெட்கம்?

எங்கள் ஃபைலில் அந்த மேக்ரோவின் பெயர் இப்போது 'வெப்பக்குறி'. ஜூனியர்களுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறோம், டெஸ்ட் ஃபைலோடு சேர்த்து. இன்றைக்கு உங்கள் ஃபைலையும் ஒருமுறை திறந்து, எத்தனை டெஃப் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்களேன்!